நூற்றுப் பதினான்காம் கல்

அத்தியாயம் 6

டேப்பம்மாவுக்கு அன்று காலையிலேயே முழங்கால் வலித்தது. மாலை ஐந்து மணிக்குள் ஒரு வீட்டைக் காப்பாற்றியாக வேண்டும் என்று தெரிந்ததும் இடுப்பும் சேர்ந்துகொண்டது.

ஜாமீன் பத்திரத் தகராறுகளைத் துப்புத் துலக்குவதுதான் இருபத்து மூன்று வருடமாக அவர் தொழில். கைப்பையில் எப்போதும் நீளமான அளவு டேப் ஒன்று கிடக்கும். அதனால் வந்த பெயர். ஸ்கூட்டர் ஓட்டுவது, ஃபைல் தூக்குவது, ஆளை மடக்கிக் கேள்வி கேட்பது எல்லாம் நாத்தனார். நாற்பது வயது. வேலையில் பாதி அவளுடையது, பேச்சில் முக்கால்வாசி.

"அண்ணி, இன்னிக்காவது லீவு விட்டிருக்கலாம். நீங்க நடக்கறதைப் பார்த்தா குற்றவாளியே பாவப்பட்டு உங்களைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போவான்."

"போனா நல்லதுதானே. நீ வண்டியை எடு."

வழக்கு இதுதான். பொதுச் சாலையைத் தோண்டுகிறவர், தோண்டியதை ஒழுங்காக மூடுவேன் என்று ரோடு ஆபீசுக்கு ஜாமீன் பத்திரம் எழுதித் தர வேண்டும். மூடிய இடம் ஒரு வருடம் தாங்கினால் பத்திரம் திரும்பி வரும். உள்வாங்கினால், ஜாமீன் போட்டவரின் சொத்தில் ஆபீஸ் கைவைக்கும்.

ஒரு குழாய்க்காரர் தண்ணீர்க் குழாய் போடுவதற்காகச் சாலையைக் குறுக்கே வெட்டி மூடினார். பதினோரு மாதம் பூனைக்குட்டி போலப் படுத்திருந்த ஒட்டு, பன்னிரண்டாவது மாதம் வாயைத் திறந்தது. ரொட்டி வேன் ஒன்றின் முன்சக்கரம் உள்ளே போய், டிரைவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. மூடிய வேலை மோசம் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. அதை மறுக்க இன்று மாலை ஐந்து வரைதான் கெடு. ஜாமீன் போட்டிருந்தவர் குழாய்க்காரரின் மாமியார். சொத்து, அவர் குடியிருக்கும் இரண்டு அறை வீடு.

"நான் ஒழுங்காத்தான் மூடினேம்மா. அத்தை வீட்டைக் காப்பாத்திக் குடுங்க, அது போதும்" என்று குழாய்க்காரர் நேற்று வந்து கையைப் பிசைந்திருந்தார்.

முதலில் மாமியார் வீட்டுக்குப் போனார்கள். ரோடு போடும் கூலி கேங்கில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாள். டீ கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், பதில் மட்டும் கொடுக்கவில்லை.

"எதுக்கும்மா விசாரணை? வீடு போனா போகட்டும். நான் மக வீட்டுல ஒரு ஓரமா இருந்துக்கறேன்."

"உங்க வீட்டைத்தாங்க காப்பாத்தப் பாக்கறோம்" என்றாள் நாத்தனார்.

"யார் கேட்டா? மாப்பிள்ளைக்கு வேற வேலை இல்லை. டீ ஆறுது பாருங்க."

வெளியே வந்ததும் நாத்தனார் ஹெல்மெட்டை மாட்டினாள். "வீடு போகுதுங்கறவங்க ஒண்ணு அழுவாங்க, இல்லே திட்டுவாங்க. இவங்க நம்மளை டீயைக் குடிச்சுட்டுக் கிளம்புங்கறாங்க. சரியில்லையே அண்ணி."

பின்சீட்டில் காலைத் தூக்கிப் போடுவதே டேப்பம்மாவுக்குப் போதுமான வேலையாக இருந்தது.

*

பள்ளத்தைச் சுற்றி நான்கு தகர டிரம் வைத்துச் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். டேப்பம்மா டிரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். நிமிர்வது பற்றிப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

மேலே தார் உடைந்து தொங்கியது. கீழே மண் இல்லை. குகை மாதிரி குடைந்திருந்தது. மிச்சமிருந்த மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். நாத்தனாரிடம் நீட்டினார்.

"சோப்பு வாசனை" என்றாள் நாத்தனார். "ரோடு குளிச்சிருக்கு."

"மூடினது மோசமா இருந்தா மண்ணு அமுங்கித்தான் போகும், காணாமப் போகாது. இங்க தண்ணி வந்து அரிச்சுக் கொண்டு போயிருக்கு. சோப்புத் தண்ணி."

இருவரும் ஒன்றாகத் தலையைத் திருப்பினார்கள். சாலையோரம், பள்ளத்துக்கு நேர் எதிரே, வண்டி கழுவும் கடை. ஒரு கார் நுரைக்குள் மூழ்கி நின்றது.

கடைக்காரர் ரப்பர் பூட்ஸ் போட்ட தடித்த மனிதர். "கழுவற தண்ணி எங்கே போகுது?" என்று கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"பின்னால உறிஞ்சு குழி இருக்கு, அதுல போகுது. ஏங்க, நான் சட்டப்படிதான் வெட்டினேன். எல்லைக் கல்லுலேருந்து அஞ்சு மீட்டருக்குள்ள குழி தோண்டினா பர்மிட் வாங்கணும், ஜாமீன் குடுக்கணும். நம்மளை நம்பி எவன் ஜாமீன் போடுவான்? அதான் அஞ்சு மீட்டர் தாண்டி, மேல ஒரு சாணும் விட்டு வெட்டினேன். அளந்துக்குங்க."

அளந்தார்கள். ஐந்து மீட்டரும் ஒரு சாணும் இருந்தது. மனிதர் சொன்னதில் ஓர் இன்ச்கூடப் பொய் இல்லை.

டேப்பம்மாவுக்கு இருந்த கொஞ்சம் தெம்பும் வடிந்தது. கடையின் கவிழ்த்த வாளி ஒன்றில் உட்கார்ந்தார். சாலையோரம் நெடுக வெள்ளையடித்த எல்லைக் கற்கள் நின்றன. இந்தப் பக்கம் ஒரு கல், எதிர்ப்பக்கம் அதே எண்ணில் இன்னொரு கல். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சாலையின் நிலம். வெயில் கற்களின் மேல் பட்டுக் கண் கூசியது.

"அண்ணி, அந்தக் கல்லைப் பாருங்களேன்" என்றாள் நாத்தனார். "மத்ததெல்லாம் ஒழுங்கா வரிசையில நிக்குது. இது மட்டும் பஸ்ஸுக்குக் கை காட்டற மாதிரி முன்னால வந்து நிக்குது."

டேப்பம்மா எழுந்தார். வலியை மறந்து எழுந்தார் என்று சொல்ல முடியாது. வலியோடுதான் எழுந்தார், ஆனால் வேகமாக.

"டேப்பைப் பிடி."

நூற்றுப் பன்னிரண்டாம் ஜோடிக் கற்களுக்கு இடையே இருபது மீட்டர். நூற்றுப் பதிமூன்று, இருபது. நூற்றுப் பதினைந்து, இருபது. கடைக்கு முன்னால் இருந்த நூற்றுப் பதினான்கு மட்டும் பதினெட்டு.

"ரெண்டு மீட்டர் கல்லு நடந்திருக்கு" என்றார் டேப்பம்மா. "இவர் அஞ்சு மீட்டர்னு நினைச்சு வெட்டின குழி, நிஜ எல்லையிலேருந்து மூணே மீட்டர்லதான் இருக்கு. அதான் தண்ணி குழாய்க் குழிக்குள்ள இறங்கிடுச்சு."

நாத்தனார் இடுப்பில் கை வைத்துக் கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "என்னண்ணே, வண்டிதான் கழுவறீங்கன்னு நினைச்சேன். கல்லையும் உருட்டறீங்களா?"

"ஐயையோ! நான் கடை போட்டே ஆறு மாசந்தாங்க ஆச்சு! நான் வரும்போதே கல்லு அங்கேதான் இருந்துச்சு!"

"எல்லாரும் சொல்றதுதான்."

"விடு" என்றார் டேப்பம்மா. கைப்பையிலிருந்து குழாய்க்காரரின் பர்மிட் நகலை எடுத்துப் பிரித்தார். ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முந்தைய வரைபடம். ரோடு ஆபீஸ் முத்திரை. நூற்றுப் பதினான்காம் கல்லிலிருந்து எதிர்க்கல் வரை, வெட்டும் நீளம் பதினெட்டு மீட்டர். அப்போதே கல் நகர்ந்தாகிவிட்டது. அப்போது இந்தக் கடை இல்லை.

அடியில் பொடி எழுத்தில் ஒரு விதி. அதை அவர் இரண்டு முறை படித்தார். பதினெட்டு மீட்டர் வரை ஒரு ஜாமீன்தாரர் போதும். அதற்கு மேல் இருவர் வேண்டும்.

நாத்தனாரும் எட்டிப் படித்தாள்.

"அப்ப நகர்த்தினது நம்ம ஆளு. கிணறு வெட்டப் போய் பூதத்தைக் கிளப்பிட்டோமே. கூலி குடுத்தவரையே மாட்டி விடப் போறோமா அண்ணி?"

"தெரியலை."

"உங்களுக்குத் தெரியலைன்னா, நேரா வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் படுத்துக்கலாம்."

"ரோடு மேஸ்திரிக்குப் போன் போடு. கல்லைத் தோண்டிப் பார்க்கணும்."

"கல்லைத் தோண்ட பர்மிட் வேண்டாமா? அதுக்கும் ஜாமீன் கேட்டா நான் யாரைத் தேடுவேன்?"

*

மேஸ்திரி சைக்கிளில் வந்தார். இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர். அதுவரை எதுவும் நடக்காமல் இருக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே கவலை. வரிசையை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். முகம் சுருங்கியது.

"வருஷா வருஷம் வெள்ளையடிக்கறோம். இது கண்ணுல படலையே."

"கல்லு முதல்ல இருந்த இடம் எதுன்னு சொல்ல முடியுமா?"

"அது சுலபம். கேங்குல ஒரு வழக்கம் உண்டு. கல்லு நடும்போது அடியில ஒரு பிடி அடுப்புக்கரி போடுவோம். கல்லை எவன் பிடுங்கினாலும் கரி மண்ணுக்குள்ள அப்படியே கிடக்கும். எத்தனை வருஷம் ஆனாலும் மக்காது."

மற்ற கற்களின் நேர்கோட்டில், கடைப்பக்கமாக இரண்டு மீட்டர் தள்ளிக் கடப்பாரையால் குத்தினார். முழங்கை ஆழத்தில் மண் கறுத்தது. கரி.

"இதுதான் நிஜ இடம். முடிஞ்சுதா?" என்று மேஸ்திரி கையைத் தட்டிக்கொண்டார்.

"இப்ப கல்லு நிக்கற இடத்தையும் தோண்டுங்க."

"அங்க எதுக்கும்மா? திருட்டுத்தனமா நட்ட கல்லு. அடியில என்ன இருக்கப் போகுது?"

"எனக்காகத் தோண்டுங்க. நான் குனிஞ்சா திரும்பி நிமிர மாட்டேன்."

மேஸ்திரி முனகிக்கொண்டே கல்லைச் சாய்த்தார். கீழே கையை விட்டார். கை வெளியே வந்தபோது உள்ளங்கை கறுப்பாக இருந்தது.

மூவரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அளவை ஏமாத்த வந்தவங்க, அடியில கரி போட்டு நட்டிருக்காங்களா?" என்றாள் நாத்தனார். "திருடப் போன வீட்டுல வாசலையும் பெருக்கிட்டு வந்த மாதிரி இருக்கே!"

"கை பழகிப் போச்சு" என்றார் டேப்பம்மா. "கல்லுன்னா கரி. யோசிச்சுப் போடறதில்லை. குழாய்க்காரருக்கு இந்த வழக்கம் தெரிய வாய்ப்பில்லை. மேஸ்திரி, இது தெரிஞ்சவங்க எத்தனை பேர்?"

"இப்ப இருக்கற பசங்க சிமென்ட்டைக் கொட்டிட்டுப் போயிடறாங்க. பழைய கேங்குல என்னைத் தவிர நாலு பேர். ரெண்டு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. ஒருத்தர் பக்கவாதம் வந்து மூணு வருஷமாப் படுக்கையில."

"நாலாவது ஆள்?"

மேஸ்திரி கரியைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"காலையில அவங்க வீட்டுலதான் டீ குடிச்சீங்களாமே."

*

அந்த அம்மாள் மறுக்கவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கரியைப் பார்த்தீங்களா" என்றார். "போட்ட அப்புறந்தான் எனக்கே உறைச்சுது. எடுக்க மனசு வரலை. கரி இல்லாம ஒரு கல்லும் நட்டதில்லை நான்."

"எதுக்காகச் செஞ்சீங்க?"

"இருபது மீட்டர் ரோடு, அளந்தா ரெண்டு ஜாமீன் கேப்பாங்கன்னு தெரியும். நான் ஒருத்தி. மாப்பிள்ளைக்கு அவங்க அண்ணனை விட்டா வேற யாரு? அண்ணன்கிட்ட கேட்டுட்டு வரேன்னு போனார். திரும்பி வந்து செருப்பைக் கழட்டாம அந்தத் திண்ணையில உக்காந்திருந்தார், ஒரு மணி நேரம். நான் ஒண்ணும் கேக்கலை. கூடப் பிறந்தவர் முடியாதுன்னு சொன்னா அதை மாமியார்கிட்ட எந்த வாயால சொல்வார்? மறுநாள் ஆபீஸ்ல அளக்க வர்றதா இருந்துச்சு, விடியறதுக்குள்ள கடப்பாரையை எடுத்துட்டுப் போயிட்டேன். ரெண்டு ஜாமீன் வேண்டாம், ஒண்ணு போதும்னு ஆக்கிட்டேன்."

"ஒரு வேன் டிரைவருக்குத் தோள் உடைஞ்சிருக்கு."

"தெரியும். ரெண்டு தடவை போய்ப் பார்த்தேன். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியலை." அம்மாள் முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டார். "அதான் வீடு போகட்டும்னேன். கல்லு நகர்ந்துச்சுன்னு நீங்க எழுதினா, பர்மிட் வாங்கினவர்தான் நகர்த்தினார்னு சொல்வாங்க. அவர் லைசென்ஸ் போயிடும்."

"நீங்கதான்னு எழுதினா?"

"என் பென்ஷன் போகும். போனாப் போகுது. அவருக்குத் தெரிஞ்சிடுமே. அவர் தலை குனிஞ்சதை நான் பார்த்தேன்னு தெரிஞ்சிடுமே."

நாத்தனார் மடியில் பிரித்து வைத்திருந்த ஃபைலை மூடினாள்.

டேப்பம்மா முழங்காலைத் தடவினார். இத்தனை வருடத்தில் இப்படி எத்தனை வாசல்கள். உண்மையைக் கண்டுபிடிப்பதில் களைப்பில்லை. கண்டுபிடித்த பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் களைப்பு.

"பொய் எழுதிக் குடுக்க எனக்குத் தெம்பு இல்லைங்க. ஒரு பொய் எழுதினா அதுக்குப் பின்னாடி பத்து வருஷம் ஓடணும். இந்தக் காலை வச்சுக்கிட்டு என்னால முடியாது. ஆனா நான் எழுதறதுக்கு முன்னாடி நீங்களே போய்ச் சொன்னா, அது வேற."

அம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பத்து. எழுந்து முகம் கழுவி வந்தார்.

"உங்க வண்டியில மூணு பேர் உக்காரலாமா?"

"உக்காரக் கூடாது" என்றாள் நாத்தனார். "ஏறுங்க. ஒரு கல்லையே தூக்கினவங்க, என் பின்சீட்டைத் தாங்க மாட்டீங்களா?"

*

ரோடு ஆபீசில் மின்விசிறி சத்தம் போட்டது, காற்று வரவில்லை. இன்ஜினீயர் ஜாமீன் வீட்டை எடுத்துக்கொள்ளும் உத்தரவை மேஜையில் தயாராக வைத்திருந்தார். எதிர் பெஞ்சில் குழாய்க்காரர். மாமியாரைக் கண்டதும் எழுந்து நின்றார்.

அம்மாள் நேராக மேஜைக்குப் போனார். "ஐயா, நூத்திப் பதினாலாம் கல்லை ரெண்டு மீட்டர் முன்னால நகர்த்தி நட்டது நான். மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

"பொய் சார்!" என்று குழாய்க்காரர் பாய்ந்து வந்தார். "அத்தை எனக்காகச் சொல்றாங்க. நான்தான் நகர்த்தினேன். எழுதிக்குங்க!"

இன்ஜினீயர் கண்ணாடியைக் கழற்றினார். "ரோட்டுல ஒரு குழி மூட ஆள் அனுப்புங்கன்னா ஒருத்தன் வர மாட்டேங்கறான். ஒரு கல்லை நகர்த்தினதுக்கு ரெண்டு பேர் போட்டியா?"

"நான் கேக்கறேன் சார்" என்றார் டேப்பம்மா. குழாய்க்காரரிடம் திரும்பினார். "கல்லை நட்டீங்களே, அடியில என்ன போட்டீங்க?"

"அடியிலயா? வந்து... சிமென்ட்."

அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

டேப்பம்மா எல்லாவற்றையும் சொன்னார். சோப்பு மண், உறிஞ்சு குழி, இரண்டு இடத்துக் கரி, மேஸ்திரியின் சாட்சி. இன்ஜினீயர் வரைபடத்தைப் புரட்டினார். அதில் இருந்தது அவருடைய கையெழுத்து. கல்லுக்குக் கல் அளந்த அவருடைய ஆள் பக்கத்து ஜோடியை அளக்கவே இல்லை. அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"மூடின வேலையில குத்தம் இல்லை. அதனால பத்திரத்துல கைவைக்க மாட்டேன். வண்டி கழுவற கடைக்குப் புதுக் குழி யார் வெட்டித் தர்றது?"

"நான் வெட்டித் தரேன் சார்" என்றார் குழாய்க்காரர்.

"டிரைவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு?"

"அது என் பொறுப்பு" என்றார் அம்மாள்.

"அம்மா, உங்க விஷயம் மேலே போகும். என்ன ஆகும்னு நான் சொல்ல முடியாது. இப்ப வேற ஒண்ணு இருக்கு. நிஜ அளவு இருபது மீட்டர்னா இந்தப் பத்திரத்துல ரெண்டாவது ஜாமீன் இல்லை. அஞ்சு மணிக்குள்ள அது வராட்டி பர்மிட்டே செல்லாது, பர்மிட் இல்லாமத் தோண்டினதா ஆயிடும். அப்ப வீட்டை நான் விட முடியாது."

மணி நாலு நாற்பது. குழாய்க்காரர் தரையைப் பார்த்தார்.

"அண்ணன்தான் அன்னிக்கே மாட்டேன்னுட்டாரே" என்றார் அம்மாள் மெதுவாக.

குழாய்க்காரர் நிமிர்ந்தார். "யார் சொன்னா அத்தை? அண்ணன் மாட்டேன்னு சொல்லலையே."

"பின்னே?"

"நான் கேக்கவே இல்லை. கேட் வரைக்கும் போனேன். உள்ளே பிள்ளைங்க சத்தம். அவருக்கே ஆயிரம் சுமை, நான் வேற எதுக்குன்னு திரும்பி வந்துட்டேன்."

அம்மாள் பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் யாரையும் மறுக்கவில்லை. ஒருவர் கேட்கவில்லை, இன்னொருவர் ஏன் என்று விசாரிக்கவில்லை. நடுவில் ஒரு கல் நகர்ந்துவிட்டது.

டேப்பம்மா தன் போனை எடுத்து நீட்டினார். "கேளுங்க."

குழாய்க்காரர் எண்ணை அழுத்தினார். "அண்ணே... நான்தான். ஒண்ணும் இல்லை. இல்லை, இருக்கு. ரோடு ஆபீஸ்ல இருக்கேன். ஒரு கையெழுத்து..." நிறுத்தினார். கேட்டார். போனை மெல்லக் காதிலிருந்து எடுத்தார்.

"என்னவாம்?" என்றாள் நாத்தனார்.

"ஆபீஸ் எந்தத் தெருன்னு கேக்கறார்."

நாத்தனார் சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தாள். "தெருவெல்லாம் அவர் தேட வேண்டாம், வீட்டு விலாசத்தை மட்டும் சொல்லுங்க!"

ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது ஸ்கூட்டர் திரும்பி வந்தது. பின்சீட்டிலிருந்து இறங்கியவர் வீட்டுச் சட்டையில் இருந்தார். ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்தது. யாரையும் பார்க்காமல் உள்ளே வந்தார். இன்ஜினீயர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் குனிந்து கையெழுத்துப் போட்டார். நாத்தனார் கேட்டதும் மடித்துக் கொண்டுவந்திருந்த வீட்டுப் பத்திரத்தை அதன் மேல் வைத்தார்.

பேனாவை மூடிக் கொடுத்த பிறகுதான் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, இப்ப சொல்லு. எதுக்குடா இது?"